காற்றின் வழியும் மரபின் வழியும்: காற்றாலைத் திட்டங்களின் தாக்க மதிப்பீடு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கிய மொழி தமிழ். கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல்; தெற்கிலிருந்து வீசுவது தென்றல்; மேற்கிலிருந்து வீசுவது கோடை; வடக்கிலிருந்து வீசுவது வாடை. காற்றை நுகர்ந்து மகிழ்ந்ததோடு அமையாது, அதனை ஏவல்கொண்ட செய்தியையும் நம் இலக்கியம் பதிந்து வைத்துள்ளது. கரிகாற் சோழனின் முன்னோன் ஒருவன் காற்றின் ஆற்றலை ஆண்டு கடலிற் கலம் செலுத்திய செய்தியை, வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாடலில் குறிப்பிடுகின்றார்.

அன்று கலம் செலுத்திய காற்று இன்று மின்னாக்கம் செய்கின்றது. 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் செயல்விளக்கத்திற்கென ஒரு சிறு காற்றாலைப் பண்ணை நிறுவப்பெற்றது. பின்னர் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, இராதாபுரம், கயத்தாறு, தேனி, உடுமலை, பல்லடம் எனக் காற்றாலைகள் பெருகின. தமிழகத்தின் காற்றாலை நிறுவுதிறன் இன்று 11,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கின்றது. இந்திய மாநிலங்களுள் குஜராத்தும் தமிழகமும் இத்துறையில் முன்னணியில் உள்ளன.

நிலக்கரியை எரித்து மின்சாரம் பெறுவதன் தீமையை நாம் அறிவோம். புகையும் சாம்பலும் இன்றி மின்னாற்றல் தரும் காற்றாலை வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. இக்கட்டுரை காற்றாலையை மறுப்பதற்கு எழுதப்பெறுவதன்று. ஒரு நிலத்தில் காற்றாலை எழுவதற்கு முன்னர் அந்நிலத்தின் உயிர்களையும் மரபுகளையும் பற்றி யார், எப்போது, எவ்வாறு வினவுதல் வேண்டும் என்பதே நம் ஆய்வுப் பொருள். வினா முன்னரே எழவேண்டும். அதற்கு விடை கூறுவோருள் அந்நிலத்து மக்களும் இடம்பெறவேண்டும் என்பது நம் கருத்து.

1. காற்றாலையின் இயல்பு

மதிப்பிடப்பெறும் பொருளின் இயல்பை முதற்கண் அறிதல் நன்று. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலிருந்து பெறத்தக்க ஆற்றல் எண்மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆதலின் சற்றே மிகுதியாகக் காற்று வீசும் இடமும் பன்மடங்கு மதிப்புடையதாகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளான பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து விரைவுபடுத்துகின்றன. காற்றாலைகள் அவற்றின் வாயில்களில் செறிந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

நாட்டுப்புற மக்கள் 'காத்தாடி' என வழங்கும் இவ்வியந்திரத்தின் உருவம் காலந்தோறும் வளர்ந்துள்ளது. 1990களில் நிறுவப்பெற்ற இயந்திரங்கள் பல 250 கிலோவாட் அளவின. அவற்றின் கோபுரங்கள் பெரும்பாலும் 30 முதல் 50 மீட்டர் உயரத்தன. இன்று 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட இயந்திரங்கள் 120 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கோபுரங்களில் நிறுவப்பெறுகின்றன. நாகூர்ப் பெரிய மினாராவின் உயரம் 131 அடி. அத்தகைய மினாரா மூன்றனை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் இன்றைய காற்றாலையின் அச்சு உயரத்தை எட்டும். அதற்கும் மேலே இறகு சுழல்கின்றது.

கோபுரம் மட்டுமே காற்றாலை அன்று என்பதும் கருதத்தக்கது. நெடிய இறகுகளை ஏற்றிவரும் வண்டிகளுக்கு அகன்ற சாலை வேண்டும். பாரந்தூக்கி நிற்பதற்குச் சமன்செய்த தளம் வேண்டும். ஆழ்ந்த கான்கிரீட் அடித்தளம் வேண்டும். மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லக் கம்பித் தொடரும் துணைமின் நிலையமும் வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்ததே 'திட்டம்' எனப்படும். கோபுரம் நிற்கும் இடத்தை மட்டும் அளந்து 'சிறிதளவு நிலமே போதும்' என்பது முழுமையான கணக்காகாது.

2. மதிப்பீடு என்பது யாது?

ஒரு செயலால் அழிவது யாது, ஆவது யாது, ஆனபின் தொடர்ந்து விளையும் பயன் யாது என்னும் மூன்றையும் எண்ணிச் செய்க என்பது திருக்குறளின் 'தெரிந்து செயல்வகை' அதிகாரம் நமக்கு உணர்த்தும் நெறி. இன்று 'தாக்க மதிப்பீடு' என வழங்கப்பெறும் முறையின் உட்கிடையும் அதுவே. மாணவர் பொருட்டு அதன் படிநிலைகளை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, இத்திட்டத்திற்கு மதிப்பீடு தேவையா எனத் தெரிதல். இரண்டாவது, எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என எல்லை வகுத்தல். பறவை, நீரோட்டம், ஒலி, நிழல், தொல்லிடம், வழிபாட்டிடம், மேய்ச்சல் ஆகியன இதன்கண் அடங்கும். மூன்றாவது, திட்டம் வருவதற்கு முன்னைய நிலையைப் பதிவுசெய்தல். இதனை அடிநிலைப் பதிவு எனலாம். நான்காவது, திட்டத்தால் நேரக்கூடிய மாற்றங்களை முன்கணித்தல். ஐந்தாவது, தீங்கைத் தவிர்க்கவோ குறைக்கவோ வழி காணுதல். ஆறாவது, திட்டம் நடைமுறைக்கு வந்தபின் தொடர்ந்து கண்காணித்தல்.

ஐந்தாம் படியில் ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் தவிர்த்தல், தவிர்க்க இயலாதவிடத்துக் குறைத்தல், குறைத்தபின் எஞ்சியதைச் சீர்செய்தல், அதுவும் இயலாதவிடத்து ஈடுசெய்தல். இவ்வரிசையைத் தலைகீழாக்கி, ஈடுசெய்வதையே முதலில் வைப்பது நடைமுறையில் காணப்பெறும் குறைபாடு. வெட்டிய மரத்திற்குப் பத்து மரம் நடுவோம் என்பது ஈடுசெய்தல். அம்மரத்தை வெட்டாது சாலையைச் சற்றே வளைத்துச் செல்லலாமா என எண்ணுவது தவிர்த்தல்.

மூன்றாம் படியாகிய அடிநிலைப் பதிவே ஏனைய அனைத்திற்கும் அடித்தளம். முன்பு இருந்தது யாது எனத் தெரியாவிடின், இழந்தது யாது எனக் கூற இயலாது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டையும் தழுவி ஓராண்டேனும் நோக்காத பதிவு பாதிப் பதிவேயாகும். கோடையில் வறண்டு கிடக்கும் பள்ளம் ஐப்பசியில் குளமாகும். அக்குளத்திற்கு மார்கழியில் பறவை வரும். வைகாசியில் மட்டும் வந்து பார்த்தவர்க்கு அது வெறும் பள்ளமே.

இம்முறை வெறும் பொறியியல் நடைமுறை அன்று என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 2022ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனமும், மரபுப் பாதுகாப்பு, இயற்கைப் பாதுகாப்பு ஆகியவற்றிற்கான உலக அமைப்புகளும் இணைந்து, உலக மரபிடங்களின் சூழலில் தாக்க மதிப்பீடு செய்வதற்கான வழிகாட்டி ஒன்றினை வெளியிட்டன. இயற்கையும் மரபும் வேறுவேறாக மதிப்பிடப்பெறாது ஒருசேர மதிப்பிடப்பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை நோக்கு.

3. உயிரினச் சூழல்

காற்று குவியும் வழியிலேயே பறவைகளும் பெரும்பாலும் செல்கின்றன. கழுகும் பருந்தும் சிறகடித்து உயர்வதைக் காட்டிலும், மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றில் மிதந்து உயர்வதையே விரும்பும். எனவே காற்றாலைக்கு உகந்த முகடும் கணவாயும் இப்பறவைகளுக்கும் உகந்தனவாக அமைந்துவிடுகின்றன. மிக மெதுவாக இனம்பெருக்கும் இயல்புடையவை இவை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு குஞ்சுகளை மட்டுமே வளர்க்கும் ஓர் இனத்தில் முதிர்ந்த பறவை சில இறந்துபடினும், இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

பறவை மடிவது கண்ணுக்குத் தெரியும் தாக்கம். கண்ணுக்குத் தெரியாத தாக்கமும் உண்டு. மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைமீதுள்ள சால்க்கேவாடி மேட்டுநிலத்தில் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. காற்றாலை உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள், காற்றாலை இல்லாத பகுதியைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே காணப்பெற்றன. பருந்தின் அச்சம் குறையவே, அவற்றிற்கு இரையாகும் ஓணான் இனம் ஒன்று அங்கே பெருகியது. பெருகியதோடு அமையாது, அதன் உடல்நிலையும் நடத்தையும் மாறின. ஆள் நெருங்கினாலும் விரைந்து ஓடாத இயல்பினை அது பெற்றது. இரைக்குப் போட்டி மிகுந்தமையால் உடல் மெலிந்தது. வானத்தில் நிறுவிய பொறியின் விளைவு தரையில் ஊரும் ஓணான்வரை இறங்கிவருவதை இவ்வாய்வு காட்டுகின்றது.

மின்கம்பித் தொடரையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பதற்குக் கானமயிலின் நிலை சான்று. இராசத்தான் பாலை நிலத்தில் எஞ்சி வாழும் இப்பெரும்பறவைக்கு நேர்முகமாக நோக்கும் பார்வை குறைவு. உடலோ பாரமானது. பறக்கும்போது கம்பியைக் கண்டு விலகுவதற்குள் மோதிவிடுகின்றது. 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் இந்திய உச்சநீதிமன்றம், இப்பறவை வாழும் பரப்புகளில் மின்கம்பிகளை இயன்றவரை நிலத்தடியிற் பதிக்க ஆணையிட்டது. 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதே நீதிமன்றம் அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழு ஒன்றினை அமைத்தது. தட்பவெப்ப மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்பெறுவது குடிமக்களின் உரிமை எனவும் அத்தீர்ப்பு கூறியது. கதிரவன், காற்று ஆகியவற்றின் ஆற்றலும் வேண்டும்; கானமயிலும் வேண்டும். இரண்டனுள் ஒன்றைத் தேர்க என்று கூறுவது எளிது. இரண்டையும் காக்கும் இடத்தைத் தேர்வதே அரிது. அவ்வரிய பணிக்கே மதிப்பீடு தேவைப்படுகின்றது.

4. மரபுச் சூழல்

மரபு என்றவுடன் கோயில், கோட்டை, பள்ளிவாசல் முதலிய கட்டடங்களே நம் நினைவுக்கு வருகின்றன. மதிப்பீட்டு நோக்கில் மரபினை மூன்று அடுக்குகளாகப் பகுத்துக் காண்பது பயன்தரும்.

முதல் அடுக்கு, கண்ணுக்குப் புலனாகும் சின்னம். இதன் மதிப்பு அதன் சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று. தொலைவிலிருந்து வருவோர் கண்ணில் அது படும் வகையும், அதன் பின்புலமாக விளங்கும் வானும் மலையும் கடலும் அதன் மதிப்பில் அடங்கும். பிரான்சு நாட்டில் கடலிடைப் பாறைமீது எழுந்துள்ள மோன் சேன் மிசேல் என்னும் மடாலயம் 1979 முதல் உலக மரபிடமாக விளங்குகின்றது. அதனைச் சூழ்ந்த நிலப்பரப்பில் காற்றாலைகள் எழும் நிலை தோன்றியபோது, மடாலயத்தின் தோற்றம் கெடும் என்னும் கவலை எழுந்தது. எங்கிருந்தெல்லாம் மடாலயம் தெரிகின்றது என ஆராய்ந்து, காற்றாலை கூடாத பரப்பு வரையறுக்கப்பெற்றது.

நம் நாட்டில் பாதுகாக்கப்பெற்ற சின்னங்களுக்கு 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 100 மீட்டர் வரை தடைசெய்த பரப்பும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்திய பரப்பும் வகுத்துள்ளது. வீடும் கடையும் நெருங்கி வருவதைத் தடுக்க இவ்வளவை போதும். பல கல் தொலைவிலிருந்து தெரியும் இயந்திரத்திற்கு 300 மீட்டர் வட்டம் எம்மாத்திரம்? சின்னத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதோடு, சின்னத்தை நோக்கும் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதையும் மதிப்பீடு வினவுதல் வேண்டும்.

இரண்டாம் அடுக்கு, மண்ணுள் மறைந்த மரபு. காற்றாலைக்குத் தேர்ந்தெடுக்கப்பெறும் நிலம் பெரும்பாலும் 'தரிசு', 'பொட்டல்', 'தேரி' என ஆவணங்களில் காணப்பெறும். பயனற்ற நிலம் என்னும் எண்ணம் அச்சொற்களிலேயே தொனிக்கின்றது. ஆயின், தென்பாண்டிக் கடற்கரையின் செம்மணல் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் ஆகிய அறிஞர் 1956ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினர். ஆதிச்சநல்லூர்ப் பரம்பிலும் சிவகளைப் பரம்பிலும் முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. சிவகளையிற் கிடைத்த சான்றுகளைக்கொண்டு, இரும்பின் பழமை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதிவரை செல்லும் என 2025ஆம் ஆண்டு சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட தொல்லியல் அறிக்கை கூறுகின்றது. உழவு படாத பொட்டல் என்பதனாலேயே பழஞ்சான்றுகள் அங்கே தங்கின. ஆதலின் 'தரிசு' என்னும் சொல்லைக் கண்டவிடத்து மதிப்பீட்டாளர் கூடுதலாக விழிப்படைதல் வேண்டும்.

மூன்றாம் அடுக்கு, வாழும் மரபு. ஆடுமாடு செல்லும் தடம், நடுகல், சுமைதாங்கிக்கல், ஊருணி, மையவாடி, கல்லறைத் தோட்டம், கொடைவிழாவின் வழி, கந்தூரிக் கூடு வரும் வழி ஆகியன இவ்வடுக்கின்பாற்படும். இவற்றுட் பல எந்தத் துறையின் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரண்டு செல்வதை நம்மவர் அறிவர். அத்தகைய இடங்களில் கட்டடம் மட்டும் மரபன்று. அங்குச் செல்லும் வழியும் மரபே.

இதற்கு நோர்வே நாட்டிலிருந்து ஒரு படிப்பினை கிடைக்கின்றது. அந்நாட்டின் போசன் தீபகற்பத்தில் தொல்குடியினராகிய சாமி மக்கள் கலைமான் மேய்த்து வாழ்பவர்கள். அவர்கள்தம் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள் நிறுவப்பெற்றன. அம்மக்களின் பண்பாட்டுரிமை மீறப்பெற்றது எனவும், வழங்கப்பெற்ற உரிமங்கள் செல்லாதன எனவும் 2021ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்தபோது காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. தீர்ப்பிற்குப் பின்னரும் சுழன்றன. மேய்ச்சல்காரர்களோடு உடன்பாடு காண 2023ஆம் ஆண்டு இறுதியும் 2024ஆம் ஆண்டும் ஆயிற்று. செல்வமும் சட்டமும் மிக்க நாட்டிலேயே காலந்தாழ்ந்து எழுந்த வினாவின் நிலை இது.

நம் பக்கத்திலும் இத்தகைய செய்தி உண்டு. சில ஆண்டுகட்கு முன் ஊர்ப்பெயர்ச் சேகரிப்பின் பொருட்டு நம் மாணவர் சிலருடன் கயத்தாற்றுப் பகுதிச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர், காற்றாலை ஒன்றன் அடித்தளத்தைக் காட்டி, “அந்தக் காத்தாடி நிக்கிற எடந்தான்யா எங்க கிடை போடுற எடம். சுமைதாங்கிப் பொட்டல்னு பேரு. ரோடு போட்டப்ப கல்லப் பெயர்த்து எங்கயோ தள்ளிட்டாங்க. பேரு மட்டும் எங்க வாயில கெடக்கு. எங்களோட அதுவும் போயிரும்” என்றார். காற்றாலையின்மீது அவருக்குப் பகை ஏதுமில்லை. தம் பேரன் அங்கேதான் காவற்பணி செய்கின்றான் என்றும் கூறினார். கல் நின்ற இடத்தை யாரேனும் முன்னரே கேட்டிருந்தால் சாலை பத்தடி விலகிச் சென்றிருக்கும் என்பதே அவர்தம் வருத்தம். வருவாய்த்துறை ஆவணத்தில் அவ்விடத்திற்கு ஒரு புல எண் மட்டுமே உண்டு. சுமைதாங்கிப் பொட்டல் என்னும் பெயர் எழுத்தில் எங்கும் இல்லை.

5. மன்னார் தரும் பாடம்

சட்டப்படி மதிப்பீடு செய்யப்பெறும் இடத்தில் நிலை எவ்வாறுள்ளது என்பதையும் காணுதல் வேண்டும். இதற்குக் கடலுக்கு அப்பால் நம் அண்டையிலுள்ள மன்னார்த் தீவு தக்க எடுத்துக்காட்டு.

இலங்கையின் வடமேற்கிலுள்ள இத்தீவு மரபு வளம் செறிந்தது. அதற்கு எதிர்க்கரையில் மாதோட்டத் துறைமுகமும், தேவாரப் பாடல் பெற்ற திருக்கேதீச்சரமும் உள்ளன. அரபு வணிகர் கொண்டுவந்தனர் எனக் கூறப்பெறும் பெருக்கமரங்கள் இத்தீவில் இன்றும் நிற்கின்றன. தமிழ், முசுலிம், கிறித்தவ மக்கள் கடலை நம்பி அருகருகே வாழும் மண் அது. முப்பது நாடுகளைத் தழுவிய மத்திய ஆசியப் பறவை வழியின் தென்முனைப் பகுதியில் மன்னார் அமைந்துள்ளது. 2008ஆம் ஆண்டில் சரணாலயமாகவும் 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்ற வங்காலைப் பகுதிக்குப் பூநாரை முதலிய பறவைகள் பெருந்திரளாக வருகின்றன.

2020ஆம் ஆண்டு திசம்பரில் இத்தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை திறந்துவைக்கப்பெற்றது. 3.45 மெகாவாட் திறனுடைய 30 இயந்திரங்கள் அங்கு உள்ளன. ஒவ்வொன்றன் சுழல்வட்டமும் 126 மீட்டர் விட்டமுடையது. இத்திட்டத்திற்குச் சூழல் மதிப்பீடு செய்யப்பெற்றது. பறவைத் திரள் நெருங்கும்போது இயந்திரத்தை நிறுத்துவதற்கென ரேடார் ஏற்பாடும் திட்டத்தில் இடம்பெற்றது. இது பாராட்டத்தக்க முயற்சியே.

பின்னர் அதே தீவில் 52 இயந்திரங்களுடன் 250 மெகாவாட் திட்டம் ஒன்றினை இந்தியாவின் அதானி கிரீன் எனர்ஜி நிறுவனம் முன்வைத்தது. மதிப்பீடு போதியதன்று எனக் கூறிச் சூழல் அமைப்புகள் 2024ஆம் ஆண்டில் இலங்கை உச்சநீதிமன்றத்தை நாடின. மின்சாரத்தின் விலை குறித்தும் கருத்து வேறுபாடு எழுந்தது. 2025ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அந்நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. ஆயினும் வேறு சில திட்டங்கள் தொடர்ந்தன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். சனாதிபதி அநுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாத காலம் நிறுத்திவைத்தார்.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். ஒன்று, திட்டங்களைத் தனித்தனியே மதிப்பிட்டால் போதாது. முப்பது இயந்திரங்களைத் தாங்கும் தீவு, மேலும் ஐம்பதைத் தாங்குமா என்பது வேறு வினா. திரள்தாக்கம் எனப்படும் இதனை மதிப்பிடத் தீவு முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளவேண்டும். இரண்டு, தாழ்ந்த மணற்றீவில் உயர்த்தி அமைத்த சாலைகளால் மழைநீர் வடியாது தேங்குகின்றது என மக்கள் முறையிட்டனர். நீரின் போக்கினை அங்குப் பரம்பரையாக வாழ்ந்தவரே நன்கறிவர். அவ்வறிவு அறிக்கையில் இடம்பெற வேண்டும். மூன்று, மக்கள் இல்லாத வேளையில் நிலத்தை மதிப்பிடுவது பிழையாக முடியும். 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாண முசுலிம்கள் அனைவரும் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பெற்றனர். மன்னார்த் தீவு முசுலிம்களும் அவர்களுள் அடங்குவர். போர் முடிந்த 2009க்குப் பின்னரே அவர்கள் பெரிய அளவில் மீளலாயினர். இருபதாண்டு ஆளின்றிக் கிடந்த நிலம் வரைபடத்தில் வெற்றிடமாகத் தோன்றும். அது வெற்றிடமன்று என்பதை அங்கிருந்து பிரிந்தவரின் நினைவுதான் கூறவல்லது.

6. நம் மாநிலத்தின் நிலை

மன்னாரில் மதிப்பீடு செய்யப்பெற்றது; அது போதுமா என்பதே அங்கு எழுந்த வழக்கு. நம் நாட்டிலோ நிலை வேறு. சூழல் முன்னிசைவு பெறவேண்டிய திட்டங்களை 2006ஆம் ஆண்டுச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பட்டியலிட்டுள்ளது. அப்பட்டியலில் காற்றாலைத் திட்டங்கள் இடம்பெறவில்லை. காட்டுநிலமாயின் வனச்சட்டத்தின் இசைவு வேண்டும். கடற்கரையாயின் அதற்குரிய விதி உண்டு. பட்டா நிலத்திலும் பொட்டலிலும் எழும் காற்றாலைக்கு அவ்வறிவிக்கையின்படி மதிப்பீடோ மக்கள் கருத்துக்கேட்போ கட்டாயமில்லை. தூய ஆற்றலை ஊக்குவிக்கும் நல்லெண்ணத்தால் விளைந்த விலக்கு இது எனலாம். நல்லெண்ணம் வினாவிற்கு ஈடாகாது.

நம் மாநிலத்தில் இவ்வினாவை எழுப்புதற்கு இதுவே தக்க தருணம். ஒரு காற்றாலையின் வாழ்நாள் ஏறத்தாழ 20 முதல் 25 ஆண்டுகள். 1990களில் நிறுவப்பெற்றவை முதுமை எய்திவிட்டன. அவற்றை அகற்றிப் பெரிய இயந்திரங்களை நிறுவுதல், பழுதுபார்த்துப் புதுப்பித்தல், வாழ்நாளை நீட்டித்தல் ஆகியவை குறித்துத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டில் கொள்கை ஒன்றினை வெளியிட்டுள்ளது. பழைய சிறு இயந்திரங்கள் பலவற்றின் இடத்தில் பெரிய இயந்திரம் ஒன்று நிற்குமாயின், கோபுரங்களின் எண்ணிக்கை குறையும், ஆனால் உயரம் பன்மடங்காகும், சாலையும் அகலும். ஆதலின் இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. இடத்தைத் திருத்திக்கொள்ள மீண்டும் ஒரு வாய்ப்பு வந்துள்ளது என்பதே இதன் சிறப்பு. முதன்முறை வினவாது விட்டதை இம்முறை வினவலாம். தடத்தை மறித்து நின்ற கோபுரம் அகலும்போது, புதியதைத் தடத்திலிருந்து விலக்கி நிறுவலாம்.

7. தமிழ்த்துறையின் பங்கு

இது பொறியியலாரும் விலங்கியலாரும் செய்யவேண்டிய பணியன்றோ, தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன பங்கு என மாணவர் வினவக்கூடும். மரபினை மதிப்பிடுவதற்கு வேண்டிய அடிநிலைப் பதிவினைச் செய்யவல்லவர் தமிழ் மாணவரே என்பது நம் விடை. ஊர்ப்பெயராய்வும் நாட்டார் வழக்காற்றியலும் நம் பாடத்திட்டத்தில் உள்ளன. தேர்வுக்கென இடும் ஒப்படைப்பினைச் சற்றே நெறிப்படுத்தினால் அது ஊர்க்குப் பயன்படும் ஆவணமாகும். பின்வரும் ஐந்தனையும் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் பதிவுசெய்யலாம்.

1. புல எண்ணோடு பொருத்திய காட்டுப்பெயர், வயற்பெயர், ஓடைப்பெயர். அப்பெயர்க்கு ஊரார் கூறும் காரணம்.

2. நடுகல், சுமைதாங்கி, கல்வெட்டு, தாழி கிடைத்த இடம் ஆகியவற்றின் இருப்பிடமும் நிழற்படமும்.

3. ஆடுமாடு செல்லும் தடம், கிடை போடும் இடம், தண்ணீர் காட்டும் இடம்.

4. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், மையவாடி, சுடுகாடு ஆகியனவும், விழாக்காலத்தில் மக்கள் செல்லும் வழியும்.

5. ஊரின் முதன்மையான இடத்தில் நின்று நான்கு திசையும் நோக்கி எடுத்த நிழற்படம்; காற்றுக் காலத்தில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று.

கூறியவர் பெயரை அவர்தம் இசைவோடு மட்டுமே குறித்தல் வேண்டும். பதிவின் படி ஒன்று ஊராட்சி மன்றத்திலும், மற்றொன்று துறை நூலகத்திலும் இருத்தல் நலம். திட்டம் வரும் நாளில் ஊர்ப்பெரியோர் வெறுங்கையோடு நில்லாது, “இதோ எங்கள் பதிவு, இதனையும் நோக்கி இடத்தை முடிவுசெய்க” எனக் கூற இயலும். எதிர்ப்பதற்கு மட்டுமன்று, உடன்பட்டு வரவேற்பதற்கும் இப்பதிவு துணைசெய்யும். எங்கே நிறுவக்கூடாது எனத் தெளிந்த ஊரில், எங்கே நிறுவலாம் என்பதும் தெளிந்துவிடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காற்றாலையின் தாக்கம் கோபுரம் நிற்கும் இடத்தோடு முடிவதன்று என்பதும், உயிரினச் சூழலையும் மரபுச் சூழலையும் ஒருசேர மதிப்பிடல் வேண்டும் என்பதும், காலந்தாழ்ந்த மதிப்பீடு இழப்பை மீட்பதில்லை என்பதும், பழைய காற்றாலைகள் மாற்றப்பெறும் இக்காலம் நமக்குக் கிடைத்துள்ள மறுவாய்ப்பு என்பதும் தெளிவாகும். காற்றாலைத் திட்டங்களுக்கும் அளவான, விரைவான, மக்கள் பங்கேற்கும் மதிப்பீட்டினை அரசு கட்டாயமாக்குதல் வேண்டும். அதுவரை காத்திராது, நம்மால் இயன்ற பதிவினை நாம் தொடங்கலாம்.

கயத்தாற்றுப் பகுதியில் அம்முதியவர் கூறிய சுமைதாங்கிப் பொட்டல் என்னும் பெயரை, புல எண்ணோடு நம் துறைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைத்துள்ளோம். அக்குறிப்பேட்டின் எஞ்சிய பக்கங்கள் மாணவர்களுக்காகக் காத்திருக்கின்றன.